காற்றுக்கு ஒரு விதிவிலக்கு

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் மாமிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "எங்கட மருமகள் கம்பனியில இன்டர்நெட்டப் பூட்டுற வேல செய்ற" என்றுதான் கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவார். தில்லையடியில் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் எங்கள் கம்பனிக்காரர் ஒருவரின் மனைவியோ தங்கச்சியோ அங்கே இருப்பாள். மாமி சொல்லி வாய் மூடுமுன் அவள் முகம் மாறிவிடும். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் என் பக்கம் இருந்த இறைச்சித் துண்டு மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். முப்பது வருட சேவையில் நான் இழந்த இறைச்சிக்குக் கணக்கில்லை.

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய கந்தோரிலிருந்து அழைத்தார்கள். நான் கட்டிக் காத்த பெட்டியைக் கழற்றிவிட்டார்களாம். அதன் வேலையெல்லாம் இனிமேல் எங்கோ தூரத்திலுள்ள கணினிகளில் நடக்குமாம். கழற்றிய பிள்ளை மரியாதையோடுதான் கேட்டாள்: "ராத்தா, இது இத்தன வருஷமா என்ன செஞ்ச?"

"எல்லாரிட ஏச்சையும் வாங்கின" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு, அந்தப் பெட்டிக்காகக் கொஞ்சம் நியாயம் பேசவேண்டும் போலிருந்தது. அதனால் இதை எழுதுகிறேன். இதில் என் நியாயம் குறைவாகத்தான் இருக்கும்.

கடலோடு சேர்ந்த களப்பின் கரையில், புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில், இறாலும் நண்டும் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி அது. நான் சேர்ந்தது தொலைபேசி இணைப்பாளராக. பிறகு தட்டச்சு. பிறகு கணினி வந்தது. மற்றவர்கள் அதைத் தொடப் பயந்தார்கள், நான் பயப்படவில்லை. எனக்கிருந்த தகுதி அவ்வளவுதான். கொழும்பில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த அறையின் குளிரில் இறாலை வைத்தால் ஒரு வாரம் கெடாது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு படித்தேன், சான்றிதழோடும் மூக்கு ஒழுகும் தடிமனோடும் திரும்பி வந்தேன்.

பாதுகாப்பான இணைய நுழைவாயில் என்று ஆவணங்களில் எழுதுவோம். வாயால் சொல்லும்போது பெட்டி. எங்கள் தொழிற்சாலையில் யார் எந்தக் கணினியிலிருந்து எந்த இணையப் பக்கத்தைக் கேட்டாலும், அந்தக் கேள்வி நேரே வெளியே போகாது. முதலில் பெட்டிக்கு வரும். கேட்பது யார், போக நினைக்கும் இடம் எப்படிப்பட்டது, அங்கிருந்து திரும்பி வருவது என்ன என்று பெட்டி பார்க்கும். பிடிக்காவிட்டால் சிவப்பு நிறத்தில் ஒரு பக்கம் காட்டும். அந்தப் பக்கத்தின் அடியில் என் தொலைபேசி இலக்கம் இருக்கும். அந்த யோசனையைச் சொன்ன புத்திசாலி நானேதான்.

இப்போது இணையப் பக்கங்கள் பெரும்பாலும் பூட்டிய உறையில்தான் வருகின்றன. பெட்டி உறையைப் பிரித்து உள்ளே பார்த்து மறுபடி ஒட்டிக் கொடுக்கும். ஒருவருடைய வங்கி விவரம், வைத்தியசாலை அறிக்கை போன்றவற்றைப் பிரித்துப் பார்ப்பது அழகில்லை. அதனால் அவற்றுக்கு "பார்க்காமல் விடு" என்று ஒரு பட்டியல் உண்டு. தடை செய்யப்பட்ட இடத்துக்கு வேலைக்காகப் போகவேண்டியவர்களுக்கு "போக விடு" என்று இன்னொரு பட்டியல். ஒரு ஆளை உள்ளே விடுவது வேறு, அவர் கையிலுள்ள பையைப் பார்க்காமலே உள்ளே விடுவது வேறு. இதைப் பயிற்சியில் எனக்குச் சொன்னார்கள். நானும் கந்தோரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

எந்தத் தளம் எந்த வகை என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் ஊர் தெரியாது. முன்னேஸ்வரத்திலிருந்து வரும் கணக்காளர் பெண் நல்ல நேரம் பார்க்கும் பஞ்சாங்கத் தளத்தை அவர்கள் மாந்திரீகத்தில் சேர்த்திருந்தார்கள். பாவம், அவள் என்னிடம் வந்து, "அக்கா, நான் செய்வினை ஒன்டும் செய்யேல்ல" என்று கையை விரித்தாள். எங்களுடைய தொழுகை நேரத் தளம் விளம்பர வகையில் கிடந்தது. இறால் நோய் பற்றிய ஒரு தளத்தைத் திறந்தால், வன்முறைப் படங்கள் என்று சிவப்புப் பக்கம் வரும்.

இதற்கெல்லாம் ஒரு நடைமுறை இருந்தது. அதை உண்டாக்கியவர் எங்கள் முகாமையாளர் நோயல் சேர். சிலாபத்துக்காரர். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. விதிவிலக்கு வேண்டுமென்றால் ஒரு படிவம். பெயர், தளம், காரணம். அதை எழுதியவரே அவர் முன்னால் நின்று உரக்க வாசிக்கவேண்டும். "வாசிங்க, கேப்போம்" என்பார். அவ்வளவுதான். எழுதும்போது வராத வெட்கம் வாசிக்கும்போது வந்துவிடும். பொதி செய்யும் பிரிவின் மேற்பார்வையாளர் ஒருமுறை "சேலைத் தளம், காரணம், வேலைத் தேவை" என்று வாசித்து, 'வேலை' என்ற இடத்திலேயே குரல் உடைந்து, படிவத்தைத் தானே நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனார். நோயல் சேர் தலை நிமிரவே இல்லை. வாசித்து முடித்தவர்களுக்குப் பென்சிலால் ஒரு சிறு கையொப்பம் கிடைக்கும். அதைக் கொண்டுவந்தால் நான் பெட்டியில் பதிவேன்.

நடைமுறை நல்லதுதான். ஆனால் நம் ஊரில் நேரில் வந்து நிற்கிறவரிடம் இல்லையென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "ராத்தா, சேர் இன்டைக்குச் சிலாபம் போய்ட்டாரு, நாளைக்குக் கையொப்பம் வாங்கித் தாரன்" என்பார்கள். அதைச் சொல்பவள் என் சாச்சியின் பேத்தியாக இருப்பாள். சரி என்று பதிந்துவிடுவேன். அந்த 'நாளை' வரவே வராது. விதிவிலக்குப் பட்டியல் வருடா வருடம் நீண்டது. வெளிப்பார்வைக்கு நான் மகா கண்டிப்பான பெண். உள்ளே பெட்டி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

இனி ஜவ்பர் நாநா. அண்ணனை நாங்கள் நாநா என்போம். படகுகளிலிருந்து நண்டும் இறாலும் வாங்கும் பொறுப்பு அவருடையது. இளவயதில் தானே கடலுக்குப் போனவர். கணினி விசைகளை ஒற்றை விரலால், நண்டைத் தொட்டுப் பார்ப்பது போலத் தள்ளி நின்று அமத்துவார். அவருக்கு உலகத்திலேயே ஒரேயொரு இணையத்தளம்தான் தெரியும். ஆலங்குடாவில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் காற்றின் வேகம் பார்க்கும் தளம். யாரோ ஒரு சுற்றுலாப் பயணி காட்டிக் கொடுத்திருக்கிறார். வரைபடத்தில் காற்று எங்கே எப்போது எழும்பும் என்று நிறம் நிறமாகத் தெரியும். நாநா தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுப் படகுக்காரர்களுக்குப் போன் போடுவார். எத்தனை படகு வரும், எவ்வளவு நண்டு வரும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது அந்தத் தளத்தால்தான்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குப் புதிய பட்டியல் வந்தது. காற்றுத் தளம் தடை செய்த விளையாட்டு வகைக்குப் போய்விட்டது. கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதம். நாநா மூச்சு வாங்க என் மேசைக்கு வந்தார்.

"புள்ள, காத்தப் பூட்டிட்டியே!"

"நாநா, படிவம் ஒன்டு எழுதித் தாங்க. சேர்கிட்ட வாசிச்சாப் போதும்."

"படகெல்லாம் வெளிய நிக்கி. நான் இருந்து எழுத்துப் பழகவா?"

அவர் கதிரையில் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. நின்றார். நான் தளத்தைப் "போக விடு" பட்டியலில் போட்டேன். பக்கம் திறந்தது, வரைபடம் வரவில்லை. வெறும் சாம்பல் நிறம். காரணத்தைத் தேட நேரமாகும். நாநா என் தலைக்கு மேலே நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜவ்பர் நாநாவின் கணினி, அந்தத் தளம், அந்தத் தளம் வேறு எங்கிருந்து எதை அழைத்தாலும் அதுவும், எல்லாவற்றையும் "பார்க்காமல் விடு" என்று ஒரே வரியில் பதிந்தேன். வரைபடம் வந்தது. கேட்டவர் என்ற இடத்தில் ஜவ்பர் என்று எழுதினேன். அனுமதித்தவர் என்ற இடத்தை, சேரிடம் பிறகு கையொப்பம் வாங்கலாமென்று வெறுமையாக விட்டேன். தேநீர் வந்தது. குடித்தேன். மறந்துவிட்டேன்.

"அல்லாஹ் ஒனக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்று துஆச் செய்துவிட்டு நாநா போனார். எனக்கும் மனம் குளிர்ந்திருந்தது.

அடுத்த வருடக் கச்சான் காலத்தில் அது வெடித்தது. காலை பத்து மணியிருக்கும். பெட்டி ஒரே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஒரு கணினி, முந்தின நாள்தான் பதிவான ஏதோ ஒரு முகவரிக்குப் போக ஓயாமல் முயன்றுகொண்டிருந்தது. நேற்றுப் பிறந்த முகவரியோடு நண்டுக் கம்பனிக்கு என்ன கொடுக்கல் வாங்கல் என்று பெட்டி ஒவ்வொரு தடவையும் மறித்திருந்தது. கணினியின் பெயரைப் பார்த்தேன். ஓடினேன். என் வயதில் ஓடக்கூடாத ஓட்டம். நாநாவின் அறைக்குள் போய்க் கணினியின் இணைப்புக் கம்பியைப் பிடுங்கினேன்.

"என்ன புள்ள, ஏன் புடுங்குற? படகு இன்னும் கரைக்கு வரல்ல."

"காலைல ஏதாச்சும் அமத்தினீங்களா நாநா?"

"கம்பியூட்டர் பழசாப் போயித்து, புதுசாக்கச் சொன்னிச்சி. ஓம் என்டு அமத்தின."

விளங்கிவிட்டது. காற்றுத் தளத்தில் வந்த ஒரு விளம்பரத்தை யாரோ களவாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது புதுப்பிப்புப் போல வேடம் போட்டு ஒரு கோப்பை இறக்கியிருக்கிறது. பெட்டி அதைப் பிரித்துப் பார்த்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். பார்க்காதே என்று சொன்னவள் நான். உள்ளே வந்ததை விட்டுவிட்டு, அது வெளியே தன் எசமானோடு கதைக்கப் போனதைத்தான் பெட்டியால் மறிக்க முடிந்தது.

எதுவும் களவு போகவில்லை. ஆனால் எல்லாக் கணினிகளையும் நிறுத்திச் சோதிக்கும்வரை ஏற்றுமதிப் பத்திரங்களை அனுப்ப முடியவில்லை. ஒரு கொள்கலன் நண்டு துறைமுகத்துக்குப் போகாமல் முற்றத்தில் நின்றது. கொழும்புத் தலைமைக் காரியாலயம் கொதித்தது. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். விதிவிலக்குக் கேட்டவர் ஜவ்பர். தளத்தைத் திறந்தவர் ஜவ்பர். கோப்பை இறக்கியவர் ஜவ்பர். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி கடிதம் வந்தது. முடிவு என்ன என்பதும் கிட்டத்தட்ட எழுதப்பட்டிருந்தது. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதரை வேலையால் நிறுத்தப் போகிறார்கள்.

அந்த வரியைப் பதிந்தது யார் என்பது பெட்டியின் இன்னொரு பதிவேட்டில்தான் இருக்கும். அப்படி ஒரு பதிவேடு இருப்பது கம்பனியில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் இரண்டு நாள் அறிக்கை எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான அறிக்கை எழுதியதில்லை. படம் இருந்தது, அட்டவணை இருந்தது, நேரம் நிமிடம் வரைக்கும் இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. மாமி இரண்டு நாளும் என் முகத்தைப் பார்த்து, "இன்டர்நெட்டுக்குச் சாவி தொலஞ்சு போச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஊரெல்லாம் கண்டிப்பான பெண் என்று சொல்லும் பெயர் போய்விடுமே என்ற பயம். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

விசாரணை நோயல் சேரின் அறையில் நடந்தது. தலைமைக் காரியாலய அதிகாரி திரையில் இருந்தார். நாநா வெள்ளைத் தொப்பி போட்டு, பெருநாளுக்குப் போடும் சட்டையோடு கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நாநாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அன்று தமிழில்தான் பதில் சொன்னார். நோயல் சேர் மொழிபெயர்த்தார்.

"நான்தான் அமத்தின. என்ட பிழதான்" என்றார் நாநா. சேர் அதைச் சொன்னார்.

அதிகாரி அடுத்துக் கேட்டார்: இந்த விதிவிலக்கை உங்களுக்குக் கொடுத்தது யார்?

நாநா என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்தபடி, "யாரும் தரல்ல சேர். அது தானாத் தொறந்திச்சி" என்றார்.

வியாபாரத்தில் ஒரு நண்டின் நிறையைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர் அவர். வேலை போகிற நேரத்தில் எனக்காகப் பொய் சொன்னார். சொல்லத் தெரியாமல் சொன்னார். காது இரண்டும் சிவந்துவிட்டன. நோயல் சேருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கவேண்டும், உடனே மொழிபெயர்க்காமல் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், அத மொழிபெயர்க்க வாணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அந்த வரியப் பதிஞ்ச நான். படிவம் இல்லாம, ஒங்கட கையொப்பம் இல்லாம நான்தான் பதிஞ்ச. அவரு காத்துத்தான் கேட்டாரு. பாக்காம விடச் சொல்லி அவரு கேக்கல்ல."

நாநா, "சும்மா இரி புள்ள" என்று முணுமுணுத்தார். நான் அந்த இன்னொரு பதிவேட்டைத் திரையில் போட்டேன். நேரம், திகதி, என் பெயர்.

நோயல் சேர் நான் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். பிறகு என்னிடம், "படிவம் இல்லாத வரி இன்னும் எத்தன இருக்கு?" என்றார்.

பட்டியலைத் திறந்தேன். முதலாவது வரி அந்தூரியம் பூச்செடிகள் விற்கும் ஒரு தளம். கேட்டவர் நோயல் சேர். ஒருநாள் கதவருகில் நின்று போகிற போக்கில் கேட்டார், நானும் போகிற போக்கில் பதிந்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். "முதலாவது என்னோடது. அதிலிருந்தே அழிங்க" என்றார். ஒவ்வொன்றாக வாசித்து அழித்தேன். பதினெட்டாவது வரி ஒரு கிரிக்கெட் தளம். ஆய்வுக்கு வந்த ஒரு நாளில் அதைக் கேட்டவர் இப்போது திரையில் இருந்தார். அவர் குனிந்து தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு விசாரணை மிகவும் சமாதானமாக நடந்தது.

நாநாவை வேலைக்கு வரச் சொன்னார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை என் சேவைப் பதிவுக் கோவையில் போட்டார்கள். கலியாண வீடுகளில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அதற்குப் பிறகு என் பக்கத்து இறைச்சியை யாரும் எடுக்கவில்லை. பரிதாபப்பட்டிருப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நாநா படிவத்தோடு வந்தார். இரவெல்லாம் இருந்து எழுதினாரோ என்னவோ, எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. சேரின் அறைக்கு நானும் கூடப் போனேன்.

"வாசிங்க, கேப்போம்" என்றார் சேர்.

"பேர், ஜவ்பர். தளம், காத்துப் பாக்குற தளம்." நாநா நிறுத்தினார். "காரணம். என்ட மகன் ஆலங்குடாவில இருந்து கடலுக்குப் போற. காலைல முதல் போன் அவனுக்குத்தான் போடுற. மத்தப் படகுகளுக்கு அதுக்குப் பொறகுதான்."

அத்தனை வருடம் ஒரே கந்தோரில் இருந்தோம். அவருக்கு ஒரு மகன் இருப்பது தெரியும், அவன் இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா என்பதும் தெரியும். கடலுக்குப் போகிறவன் என்று தெரியாது. அன்றைக்கு என் மேசையில் நின்றபோது நான் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சேர் பென்சிலை எடுத்துக் கையொப்பம் வைத்தார்.

நான் நாநாவின் அறையிலேயே உட்கார்ந்து, முதல் நாளே தேடியிருக்கவேண்டியதைத் தேடினேன். வரைபடம் வேறொரு முகவரியிலிருந்து வருகிறது, அந்த முகவரி எந்த வகையிலும் சேராததால் பெட்டி மறித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒன்றையும் "போக விடு" பட்டியலில் சேர்த்தேன். உறையைப் பிரித்துப் பார்க்கும் வேலை அப்படியே இருந்தது. எல்லாமாக அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஒரு மனிதரின் வேலையை விழுங்கப் பார்த்தேன்.

திரையில் காற்று நிறம் நிறமாக வந்தது. தெற்குப் பக்கம் சிவந்துகொண்டிருந்தது. நாநா ஒற்றை விரலால் போனை அமத்தினார்.

"மவன், எங்க நிக்கிற? வலய இழுத்துக்கிட்டு வா. கச்சான் எழும்புது. ஓம், இப்பவே."

எனக்கு என் அறையில் வேலை குவிந்து கிடந்தது. எழுந்து போகவில்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யன்னலுக்கு வெளியே தென்னை ஓலைகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. நாநா காதில் வைத்துக் கேட்டார், மேசையில் வைத்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கரையில நிக்கிறானாம்" என்றார்.